பூஜை போட்ட வண்டி

பரக்கத் அலி பிக்கப் வண்டியைப் பாலக்கரை ஷெட்டில் கொண்டுவந்து நிறுத்தியபோது, ஆயுத பூஜைக்காக மாவிலை கட்டிக்கொண்டிருந்தார்கள். யுத்தம் முடிந்ததும் ராணுவம் ஏலத்தில் தள்ளிவிட்ட பழைய வண்டி அது. அதில் வாழைத்தார் ஏற்றித்தான் அழகிரி முதலாளி ஆனார்.

"ஸ்டியரிங் ராடு எங்கயும் கிடைக்கலீங்க. ஒடஞ்சதையே வெல்டு வச்சிருக்கேன்" என்றார் மெக்கானிக் பரக்கத் அலி. "மெட்ராஸ்லேருந்து புதுசு வர்ற வரைக்கும் எடுக்காதீங்க."

"பூஜை போட்ட வண்டி ஒரு ரவுண்டு போகாம நிக்கலாமா பாய்?"

போன வருஷமும் அழகிரி இதையேதான் சொன்னார். அன்று டிரைவர் ஆண்டி, ஸ்டியரிங் ஆடுகிறது, ஸ்பேனர் கொடுத்தால் முடுக்கிவிடுகிறேன் என்று கெஞ்சினான். ஸ்பேனர் சுத்தியல் எல்லாம் சந்தனம் குங்குமத்தோடு சாமி முன்னால் இருந்தன. பூஜையில் வைத்ததை மறுநாள்தான் எடுக்க வேண்டும். அழகிரி அதில் படு கறார். மனுஷ உயிர் விஷயத்தில் அவ்வளவு கறார் இல்லை. எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு புறப்பட்ட வண்டி கொள்ளிடம் பாலத்துச் சுவரில் மோதி நின்றது. தூக்கி எறியப்பட்ட ஆண்டி கீழே மணலில் செத்துக் கிடந்தான்.

குடித்துவிட்டு ஓட்டினான் என்று அழகிரி போலீசில் எழுதிக்கொடுத்தார். ஆண்டி கள்ளை மோந்துகூடப் பார்த்ததில்லை. நியாயம் கேட்டு வந்த அவன் மனைவி மயிலம்மாளை, குடிகாரன் பொண்டாட்டி என்று வாசலோடு விரட்டினார்.

இந்த வருஷம் எந்த டிரைவரும் அந்த வண்டியில் ஏற மாட்டேன் என்றுவிட்டான். அழகிரிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. தவமிருந்து பெற்ற ஒரே மகள் வள்ளிக்கண்ணுவைத் தூக்கி முன் சீட்டில் உட்கார வைத்தார்.

"புள்ளைய விட்டுட்டுப் போங்க. ஒங்க காலப் புடிச்சுக் கேக்கறேன்" என்று அழகிரியின் மனைவி மாரியாயி கதறினாள்.

"எம் பொண்ணையே ஏத்திட்டுப் போறேன். இதுக்கு மேல என்னடா வேணும் ஒங்களுக்கு?" என்று டிரைவர்களைப் பார்த்துக் கத்திவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

பட்டப்பகல். காவிரி கரை தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. காவிரிப் பாலத்தின் நடுவில், காலுக்கடியில் 'டக்' என்று ஒரு சத்தம்.

ஸ்டியரிங் கையில் சும்மா சுற்றியது.

வலப்பக்கம் சுற்றினார். இடப்பக்கம் சுற்றினார். கிணற்று உருளை போலச் சுற்றியது. பிரேக்கை மிதித்தார்; அது தரையோடு போய் ஒட்டிக்கொண்டது. எதிரே ஒரு பஸ் வந்தது.

வண்டி ஒதுங்கியது.

பதமாக ஒதுங்கி, பஸ்ஸுக்கு வழிவிட்டு, மறுபடி நேராகப் போயிற்று. ஸ்ரீரங்கத்துத் தெருமுனைகளில் சைக்கிள்காரர்களையும் மாடுகளையும் இடிக்காமல் அழகாக வளைந்தது. அழகிரி தொடாமலே ஹாரன் அடித்தது. உள்ளே ஈர மணல் வாடை குமட்டியது.

"அப்பா, தள்ளி உக்காருங்க" என்றாள் வள்ளிக்கண்ணு. "ஆண்டி மாமாவுக்கு இடிக்குது."

அழகிரி சட்டென்று பக்கத்தில் திரும்பிப் பார்த்தார்.

"யாருமில்ல பாப்பா."

"இருக்காரு. ஒங்க கை மேல கை வச்சிருக்காரு பாருங்க."

சில்லென்று ஒரு ஈரம் அவர் விரல்களை அழுத்தியது.

கொள்ளிடம் பாலத்தில், இடிந்த சுவரருகே வண்டி தானாக நின்றது.

"ஆண்டி" என்று முணுமுணுத்தார் அழகிரி. "நான் சொன்னது பொய்தான். ஊரறியச் சொல்லிடறேன். எம் புள்ளைய விட்ரு."

அவர் பக்கத்துக் கதவு திறந்துகொண்டது. மகளைத் தூக்கிக்கொண்டு இறங்கியிருக்கலாம். கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தாள். ஆனால் உயிர்ப் பயம் பொல்லாதது. அவர் மட்டும் குதித்தார்.

கதவு சாத்திக்கொண்டது.

"அப்பா!"

வண்டி புறப்பட்டுவிட்டது. பின்னாலேயே ஓடி, மூச்சுத் திணறி விழுந்தார். டிரைவர் இல்லாத வண்டி மெதுவாக, ஜாக்கிரதையாக, சமயபுரம் பக்கம் போய் மறைந்தது.

மறுநாள் காலை அது ஷெட்டில் நின்றது. வள்ளிக்கண்ணு இல்லை. கொள்ளிடத்து மணலைச் சல்லடையாகச் சலித்தும் அவள் தடயம் கிடைக்கவில்லை.

வண்டி தன்னை வெளியே தள்ளிவிட்டுப் போனதாக அழகிரி எல்லோரிடமும் சொன்னார். ஆண்டியைப் பற்றி வாயே திறக்கவில்லை. செத்தவனுக்குப் போன மானம் திரும்பவா போகிறது என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

வண்டியை உடைத்து இரும்புக்குப் போட ஆள் வந்தான். அவன் சம்மட்டியை ஓங்கியபோது உள்ளேயிருந்து குரல் வந்தது.

"அம்மா, வலிக்கும்மா."

சம்மட்டியைப் போட்டுவிட்டு அவன் ஓடினான். மாரியாயி பாய்ந்து வந்து கதவைக் கட்டிக்கொண்டாள். கண்ணாடிக்குப் பின்னால் வெறும் சீட்டுதான் இருந்தது.

"எங்கடி இருக்க கண்ணு? எறங்கி வாடா."

"எறங்க முடியலம்மா" என்றது குரல். "அப்பா ஏம்மா என்னைய விட்டுட்டுக் குதிச்சாரு?"

மாரியாயி மெல்லத் திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். அழகிரி வாயைத் திறந்தார். இந்த முறை பொய்கூட வரவில்லை.

சாவி போடாத எஞ்சின் உறுமியது. டிரைவர் பக்கத்துக் கதவு அவருக்காகத் திறந்துகொண்டது.