மூன்று ஜன்னல் சிறகு

"கயித்தைப் பிடிச்சுக்கோட்டி! கூடு மட்டும் நனையக் கூடாது!" என்று கத்தினாள் எஸ்தர்.

பெரு நாட்டு மலைக்காட்டாறு இடுப்பளவில் இழுத்தது. தங்கை ரூபா, காட்டில் கண்டெடுத்த பட்டுக்கூட்டைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டாள். முன்னால் கரையேறிய வழிகாட்டி வில்மர் இருவரையும் இழுத்துப் போட்டான்.

இரண்டு வருடம் முன்பு இதே காட்டில் எஸ்தருக்கு ஒரு பிய்ந்த சிறகு கிடைத்தது. உள்ளங்கை அகலம், மாதுளை நிறம், நடுவே கண்ணாடிபோல மூன்று ஜன்னல்கள். ராட்சதப் பட்டு அந்துப்பூச்சியில் இது புது இனம் என்று எழுதினாள். ஒற்றைச் சிறகை வைத்துக் கதை விடுகிறாள் என்று ஆய்வுக்கூடத்தில் சிரித்தார்கள். இந்த முறையும் வெறுங்கையோடு போனால் வேலை போய்விடும். காட்டில் தங்க அனுமதி இன்னும் மூன்று நாள்தான்!

அன்று மாலையே கூட்டிலிருந்து பூச்சி வெளியே வந்தது. ஈரச் சிறகுகள் மெல்ல விரிந்தன. மாதுளை நிறம், மூன்று ஜன்னல்கள், பெண்! எஸ்தருக்கு அழுகையே வந்துவிட்டது.

"எக்கா, தேன் வைக்கட்டா?"

"இவளுக்குத் திங்க வாயே கிடையாதுட்டி. ஒரு வாரந்தான் உயிரு. வாசனை விட்டு ஆணைக் கூப்பிடுவா. அவன் வந்தாத்தான் என்ன இனம்னு உறுதியாச் சொல்லலாம்."

வலைக்கூண்டை மரத்தில் தொங்கவிட்டார்கள். விடியலில் மேகமே காட்டுக்குள் இறங்கிவிட்டது. எது மரம், எது மூட்டம் என்று தெரியவில்லை. அந்த வெண்மைக்குள் உட்கார்ந்திருந்த எஸ்தருக்குத் தான் விழித்திருக்கிறோமா என்றே சந்தேகமாக இருந்தது. மாதுளை நிற ஆண் வரவில்லை. சின்னச் சின்னப் பழுப்புப் பூச்சிகள்தான் மிதந்து வந்து கூண்டை மொய்த்தன. ரூபா துண்டை வீசி விரட்டினாள். மறுநாளும் அதே கதை.

மூன்றாம் விடியலிலும் ரூபா துண்டை ஓங்கினாள். "சூ! போங்க சனியங்களா!"

வில்மர் சிரித்துவிட்டான். "வந்த மாப்பிள்ளைகளை ஏன் விரட்டுகிறீர்கள்?" என்று தன் மொழியில் கேட்டான்.

எஸ்தர் பாய்ந்து கூண்டைத் திறந்தாள். உள்ளே நுழைந்த பழுப்புப் பூச்சி நேராக மாதுளைக்காரியிடம் போய் ஒட்டிக்கொண்டது.

"எக்கா! அப்ப இது புது இனமா?"

"இல்லட்டி! இந்த ஆணை அறுபது வருஷமா எல்லாருக்கும் தெரியும். இவன் ஜோடியைத்தான் யாருமே பார்த்ததில்ல! படம் எடு, சீக்கிரம்!"

ஆய்வுக்கூடத்தில் இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. எழுந்து நின்று கை தட்டினார்கள். எஸ்தர் கட்டுரையின் முதல் வரியிலேயே தன் பழைய முடிவு தவறு என்று எழுதினாள். தான் எதிர்பார்த்த நிறத்தையே தேடி இரண்டு விடியல்களில் வந்த ஆண் பூச்சிகளை விரட்டியடித்ததையும் மறைக்கவில்லை. பிறகு கண்டுபிடித்தவர்கள் வரிசையில் தன் பெயருக்கு மேலே வில்மரின் பெயரைப் போட்டாள்.