சூடு போகும் இடம்

அறைக்குள் முப்பத்தொன்பது டிகிரி. சுவர்க் கடிகாரத்தின் ஓரத்தில் இருந்த சின்ன வெப்பமானி அப்படித்தான் சொன்னது. மேசையில் இருந்த கணினியின் பிராசசரோ தன் சூடு முப்பத்து நான்கு என்று காட்டியது.

ஆன்சி கண்ணாடியைக் கழற்றி, துப்பட்டாவில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தாள். முப்பத்து நான்குதான்.

சித்திரை மாத மதியம். பள்ளிபாளையத்தில் அந்தத் தெரு முழுக்க விசைத்தறிகள். கீழ்வீட்டுத் தறிகளின் தடதடப்பு தரை வழியாக ஏறி, நாற்காலிக் கால்களில் ஊர்ந்து, அவள் முதுகெலும்புக்குள் வந்து உட்கார்ந்திருந்தது. ஜன்னலில் கட்டிய ஈரத்துணி எப்போதோ காய்ந்து விறைத்திருந்தது. பஞ்சுத்தூசியும் பாவுக்கஞ்சியின் புளித்த வாடையும் காற்றில் அசையாமல் நின்றன. பக்கத்து அறையில் அவள் கணவன் பிரான்சிஸ், பாவு நூலுக்குக் கஞ்சி ஏற்றும் சைசிங் மில்லில் இரவு வேலை முடித்து வந்தவன், கதவைச் சாத்திக்கொண்டு தூங்கினான்.

மாலை ஆறு மணிக்கு ஈரோட்டில் ஒரு கல்யாண வரவேற்பு. மணமக்களின் படம் பெரிய திரையில் ஓட வேண்டும். இத்தனை வருடம் ஸ்டுடியோக்காரர்களுக்காக எடிட் செய்தவள், முதன்முறையாகத் தன் பெயரில் பிடித்த வேலை. படத்தைக் கோத்தாயிற்று. அதை ஒரே வீடியோவாக ரெண்டர் செய்து முடிக்க ஆறு மணி நேரமாகும் என்றது கணினி. கையில் இருந்தது நான்கு. அதனால்தான் அரைமணி முன்பு, கணினியை அசெம்பிள் செய்து தந்த தனபாலிடம் போனில் வழி கேட்டிருந்தாள்.

"ஓவர்கிளாக் பண்ணலாமுங்கக்கா. விலை கம்மியான பிராசசர்தான், ஆனா வேகத்த ஏத்த உடும். உங்களுது ஏர் கூலருங்க, வெறும் ஃபேனு. கொஞ்சங்கொஞ்சமா ஏத்துங்க. தொண்ணூறு டிகிரி தாண்டுச்சுன்னா நிறுத்திப்போடுங்க."

ஒரு படி ஏற்றினாள். எண்பதில் இருந்த சூடு ஏறவில்லை. இறங்கியது. எழுபது, ஐம்பது, இப்போது முப்பத்து நான்கு.

மறுபடி தனபாலை அழைத்து, முப்பத்து நான்கு என்றாள்.

"ரூம் சூட்ட விடக் கீழ போவவே போவாதுங்க. ரூம்ல இருக்கற காத்தத்தான அது ஊதுது? சென்சார் பொய் சொல்லுது. பொட்டியத் தொட்டுப் பாருங்க."

தொட்டாள். மண்பானையைத் தொட்ட மாதிரி இருந்தது. பெட்டியின் பின்புறம் கையை நீட்டினாள். வெளியே வந்த காற்று விரலிடுக்குகளில் சில்லென்று நுழைந்தது.

"குளுகுளுன்னு இருக்குது தம்பி."

"சூடு காணாமப் போவாதுங்கக்கா. எங்கியாச்சும் போயித்தான் ஆவோணும்... நிறுத்திப்போடுங்க. சாயங்காலம் வந்து பாக்கறேன்."

சாயங்காலம் வரை நிறுத்தினால் எல்லாம் முடிந்தது. போனை வைத்துவிட்டு இன்னொரு படி ஏற்றினாள்.

இருபத்தாறு.

சுவருக்கு அந்தப்புறம் கட்டில் முனகியது. பிரான்சிஸ் புரண்டு படுத்தான் போலிருந்தது. ஆன்சி ஒரு சொம்புத் தண்ணீரோடு போய்க் கதவைத் திறந்தாள். அவன் மல்லாந்து கிடந்தான். இந்த வெக்கையிலும் உடம்பில் ஒரு பொட்டு வியர்வை இல்லை. நெற்றியில் கை வைத்தவள் வெடுக்கென்று எடுத்தாள்.

"ஏனுங்க, இப்படிக் கொதிக்குதே! காய்ச்சலாங்க?"

அவன் கண்ணைத் திறக்காமலே சிரித்தான். "காய்ச்சலா? நல்லா சிலுசிலுன்னு காத்து வருது புள்ள. நீ போய் வேலையப் பாரு."

தலைக்கு மேல் மின்விசிறி ஓடவில்லை. அவன் அதைப் போடவே இல்லை.

மாத்திரை எடுத்து வரலாம் என்று கதவைச் சாத்திவிட்டுத் திரும்பியவளின் கண் கணினித் திரையில் பட்டது. ரெண்டர் கால்வாசியைத் தாண்டியிருந்தது. இன்னும் ஒரே ஒரு படி ஏற்றினால் நேரத்துக்கு முடிந்துவிடும். ஒரே ஒரு படி. அப்புறம் மாத்திரை.

ஏற்றினாள்.

பதினெட்டு. பெட்டியின் தகரத்தில் நீர்த்துளிகள் பூத்தன. அப்போதுதான் அந்த வாடை வந்தது. முதலில் இஸ்திரிப் பெட்டியைத் துணிமேல் மறந்துவைத்தது போல. பிறகு, அதற்கு அடியிலிருந்து, மயிர் பொசுங்குவது போல. இரண்டு அறைக்கும் பொதுவான சுவரில் கை வைத்தாள். சுண்ணாம்பு சுட்டது.

சூடு எங்கியாச்சும் போயித்தான் ஆவோணும்.

அந்த நொடியில் கரண்ட் போனது.

தறிகள் நின்றன. கீழ்வீட்டில், எதிர்வீட்டில், தெரு முழுக்க. இத்தனை நாளும் இந்த வீட்டில் அவள் கேட்டேயிராத நிசப்தம். அதற்கு நடுவே ஒரே ஒரு சத்தம். கணினியின் ஃபேன்.

கரண்ட் போனால் கணினியைத் தாங்க அவளிடம் யூபிஎஸ் கிடையாது.

திரை ஒளிர்ந்துகொண்டிருந்தது. அவள் விரல் எதன்மேலும் இல்லை. வேகத்தின் எண் தானாக ஏறியது. நான்கு புள்ளி ஒன்று. நான்கு புள்ளி மூன்று. சூட்டின் எண் இறங்கியது. பதினொன்று. ஏழு.

மேசைக்கடியில் பாய்ந்து பிளக்கைப் பிடுங்கினாள். வயர் கையோடு வந்தது.

ஃபேன் நிற்கவில்லை.

நான்கு. இரண்டு.

ஃபேன் இறகுகளுக்குள் கையிலிருந்த பிளக்கையே திணித்தாள். அது தெறித்துப்போய் விழுந்தது. விரல்நுனிகள் குளிரில் மரத்தன. ஃபேனின் உறுமல் ஏறியது.

"ஆன்சி..."

பிரான்சிஸின் குரல். நிதானமாக, அன்பாக.

எழுந்தாள். கதவின் கைப்பிடி சுட்டது. துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு திறந்தாள்.

அவன் கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தான். படுத்திருந்த இடத்தில் தலையும் தோளும் காலுமாக ஓர் ஆள் வடிவம் மெத்தையில் கருகிக் கிடந்தது. தலைமுடி இல்லை. நெற்றித்தோல் பாளம் பாளமாக வெடித்திருந்தது. வெடிப்புகளுக்குள், அடுப்புக் கங்குபோல, சிவப்பு.

அவன் அவளைப் பார்த்துப் புன்னகைத்தான்.

"சுகமா இருக்குது புள்ள," என்றான். ஒவ்வொரு சொல்லுக்கும் வாயிலிருந்து புகை வந்தது. "இன்னும் கொஞ்சம் ஏத்து."