மழையில் நின்ற விருந்தாளி

மணி அடிக்காமல் கதவைத் திறக்கக் கூடாது என்று டீச்சர் சொல்லியிருந்தார். அதனால்தான் நர்ஸ் திறக்கவில்லை. அவள் மேல் தப்பே இல்லை...

அந்த மாடி வகுப்பில் ஆங்கிலம் படிக்கிறவர்கள் எல்லோருமே வெளிநாட்டு வேலைக்குக் கிளம்ப இருப்பவர்கள். வெள்ளிக்கிழமைகளில் இலக்கணம் கிடையாது, அந்த நாட்டு வாழ்க்கைதான் பாடம். அன்றைக்கு வகுப்பறை வாசல்தான் வீட்டு வாசல். நர்ஸ்தான் வீட்டுக்காரி. புதிதாகச் சேர்ந்த லிஃப்ட் மெக்கானிக் விருந்தாளி. வெளியே மொட்டை மாடியில் நின்று "டிங் டாங்" என்று அவன் வாயாலேயே மணி அடிக்க வேண்டும்.

அவனுக்கு வெட்கம். கதவைத் தட்டிவிட்டுச் சும்மா நின்றான். வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது.

டீச்சரே பாவப்பட்டுத் திறக்கச் சொன்னபோது, விருந்தாளி சொட்டச் சொட்ட நின்றிருந்தான்.

"தட்டினது காதுல விழலையா?"

"விழுந்துச்சு. மணி அடிச்சாத்தானே திறக்கணும்?"

"ஆளு நனைஞ்சாலுமா?"

"ஒரு டிங் டாங் சொன்னா வாயில இருக்கிற முத்து உதிர்ந்துடுமா?"

வகுப்பே சிரித்தது. அவன் நிமிர்ந்து பார்த்தான். இமையெல்லாம் மழைத்துளி... அந்தக் கண்களில் கோபம் இருக்கும் என்று நினைத்தாள். சிரிப்புதான் இருந்தது. எங்கே பார்ப்பதென்று தெரியாமல் தடுமாறியது என்னவோ அவள்தான்.

அதற்குப் பிறகு டீச்சர் அவர்களையே ஜோடி சேர்த்தார். அந்த நாட்டில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது டிரைவருக்கு நன்றி சொல்ல வேண்டுமாம். அவள் சொன்னால், நாற்காலியில் டிரைவராக உட்கார்ந்திருக்கும் அவன், "கேக்கலைங்க... இன்னொரு தரம்" என்பான். முன்பின் தெரியாதவரிடம் சம்பளம் கேட்கக் கூடாதாம், கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்கவே கூடாதாம். மழை, வெயில் பற்றி மட்டும் பேசலாமாம். அதையே பேசிப் பேசி இரண்டு பேரும் நெருங்கிப்போனார்கள். மனசில் இருந்ததை மட்டும் யாரும் சொல்லவில்லை.

அவளுக்கு அங்கே ஆஸ்பத்திரி வேலை கிடைத்தது. அவன் பரீட்சையில் கோட்டைவிட்டான். நர்ஸைக் கட்டிக்கொண்டவனுக்குப் பரீட்சை வேண்டாம், கூடவே போகலாம் என்பது அந்த வகுப்பில் எல்லோருக்கும் தெரியும். அவளுடைய அண்ணனுக்கும் தெரியும். அப்பா அம்மா போனபின் அவளை ஆளாக்கியவன் அவன். ஒரு சாயங்காலம் அழைத்துப்போக வந்தவன், இருவரும் ஒரே குடைக்குள் சிரித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தான்.

"பாஸ் பண்ண வக்கில்லைன்னு என் தங்கச்சி முதுகுல ஏறிப் போகப் பாக்குறியா, தம்பி?"

மெக்கானிக்கின் முகம் செத்துப்போயிற்று. குடையை அவள் கையில் கொடுத்துவிட்டு மழையில் இறங்கி நடந்தான். அதோடு வகுப்புக்கும் வரவில்லை.

ஒரு வார்த்தை மறுத்திருக்கக் கூடாதா... ஒருவேளை அண்ணன் சொன்னதுதான் நிஜமோ? அந்தச் சந்தேகம் அவளை அரித்தது. தெரிந்துகொள்ளாமல் விமானம் ஏறினால் ஆயுசுக்கும் நிம்மதி இருக்காது. புறப்பட இரண்டு நாள் இருக்கும்போது, அவன் வேலை செய்யும் கட்டடத்துக்கே போய்விட்டாள்.

லிஃப்டின் கதவைப் பிரித்துவைத்து, கீழே உட்கார்ந்து எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் பதறி எழுந்தான்.

"ஏன் வகுப்புக்கு வரலை?"

"நான் அந்த ஊருக்குப் போகப்போறதில்லைங்க. பரீட்சையும் எழுதமாட்டேன்."

"அண்ணன் மேல கோபமா?"

"அவர் தப்பா ஒண்ணும் கேக்கலை. என் தங்கச்சியா இருந்தா நானும் அப்படித்தான் கேப்பேன்..." துணியால் விரல்களைத் துடைத்தான். கறை போகவில்லை. "நான் அங்க வந்தா, உங்களுக்காக வந்தேனா ஊருக்காக வந்தேனான்னு உங்களுக்கே ஒருநாள் தோணும். அதை என்னால தாங்க முடியாது. அதான்... உங்க மேல உள்ள ஆசையில சந்தேகம் வரக் கூடாதுன்னு ஊரையே விட்டுட்டேன்."

 அவன் எத்தனை நாள் கனவு கண்ட ஊர்! அதை அவளுக்காகத் தூக்கிப் போட்டுவிட்டு, அவளிடமே சொல்லாமல் எண்ணெய் போட்டுக்கொண்டிருக்கிறான்.

"இதைச் சொல்லாமலே என்னை அனுப்பியிருப்பீங்க, இல்லையா?"

அவன் தலைகுனிந்தான்.

"அந்த ஊர்ல யார்கிட்ட எப்படிப் பேசணும்னு எல்லாம் சொல்லிக் கொடுத்தாங்க. உங்ககிட்ட இதை எப்படிக் கேக்கறதுன்னு யாரும் சொல்லிக் கொடுக்கலை..." கண்ணீர் வழிந்தது. அவள் துடைக்கவில்லை. "பரீட்சை எழுதுங்க, எழுதாம போங்க. அங்க வாங்க, இங்கயே இருங்க. எனக்கு எல்லாம் ஒண்ணுதான். அண்ணன்கிட்ட நானே சொல்லிக்கிறேன்."

"என்னன்னு சொல்வீங்க?"

"நான்தான் கேட்டேன், அவர் சரின்னார்னு சொல்வேன்."

"நீங்க... என்ன கேட்டீங்க?"

"இப்போ கேக்கறேன். என்னைக் கட்டிக்குவீங்களா?"

கையிலிருந்த துணி நழுவித் தரையில் விழுந்தது. அவன் அதை எடுக்கவில்லை. கண் கலங்க அவளையே பார்த்துக்கொண்டு, "கட்டிக்கிறேன்" என்றான்.