இல்லாத இஸ்பேடு பத்து

"கொலை...! ஐயோ, கொலை...!"

மிஷன் தெரு முழுக்கக் கேட்டது அந்த அலறல். அலறியவள் ரொட்டிக்கடைக்காரி. நேரம், மதியம் மூன்றரை.

வோக்லரின் பட்டறை!

சான் பிரான்சிஸ்கோ மதுக்கடைகளில் பாதிக்கு மேல் சூதாட்டச் சீட்டு மெஷின் செய்து கொடுத்த கிழவர், தன் மேஜையடியில் குப்புறக் கிடந்தார். மண்டை பிளந்திருந்தது. பக்கத்தில், ரத்தம் தோய்ந்த இரும்புக் கைப்பிடி. மெஷினில் காசு போட்டு இழுப்பார்களே, அதே கைப்பிடி!

பிணத்தின் அருகே மண்டியிட்டிருந்தான் எமில். கிழவரிடம் ஆறு வருஷமாக வேலை பார்ப்பவன். சட்டையெல்லாம் ரத்தம்.

போலீஸுக்கு அது போதும். சட்டையில் ரத்தத்தைப் பார்த்துவிட்டால் மேற்கொண்டு யோசிக்கிற வழக்கம் அவர்களுக்குக் கிடையாது.

மறுநாள் காலை. லாக்கப்.

"மூணு மணிக்கு எங்கடா இருந்த?" என்றார் இன்ஸ்பெக்டர் ஹாலரன்.

"ப்ரோகனோட மதுக்கடையில சார். அங்க இருக்கிற மெஷின்ல அஞ்சு சென்ட் போட்டு இழுத்தேன்."

"எது, அந்த 'ஒத்தக்கைத் திருடனா'?"

ஊரே அதற்கு வைத்திருந்த பெயர். இருப்பது ஒரே கை. அதை வைத்துக்கொண்டே எல்லார் பையையும் காலி செய்துவிடும்.

"ஆமா சார். இஸ்பேடு பத்து, ஜாக்கி, ராணி, ராஜா, ஏஸ்... அஞ்சும் வரிசையா வந்து நின்னுச்சு! இருபது சுருட்டு பரிசு, கடைக்காரர்தான் தரணும். வாங்கலாம்னு திரும்பினா கடையில ஒரு ஈ காக்கா இல்ல. ப்ரோகனும் இல்ல! கால் மணி நேரம் கத்திப் பார்த்தேன். அப்புறம் வாங்கிக்கலாம்னு பட்டறைக்குத் திரும்பினா... முதலாளி..."



"ப்ரோகன் வேற மாதிரி சொல்றானே! மத்தியானம் பூரா கடையிலதான் இருந்தானாம். நீ வரவே இல்லையாம்."

"பொய் சார்!"

"இன்னொண்ணும் சொன்னான். அந்த மெஷின்ல இஸ்பேடு பத்தே கிடையாதாம்!"

எமில் தலையைக் குனிந்துகொண்டான்.

"கிடையாதுதான் சார்..."

"என்னது?!"

"மெஷின்ல அஞ்சு உருளை. உருளைக்குப் பத்து சீட்டு. மொத்தம் அம்பதுக்குத்தான் இடம். கட்டுல இருக்கிற அம்பத்திரண்டுல ரெண்டு சீட்டை விட்டாகணும். கடைக்காரங்க எப்பவும் இஸ்பேடு பத்தையும் ஆட்டின் ஜாக்கியையும்தான் விடச் சொல்வாங்க. அப்பத்தான் பெரிய பரிசு லேசுல விழாது. அந்த உருளைக்குச் சீட்டு ஒட்டினதே நான்தான் சார்."

"அப்புறம் எப்படிடா பத்து வரும்?"

"தெரியல சார். ஆனா வந்துச்சு! என் ரெண்டு கண்ணால பார்த்தேன்!"

ஹாலரன் எரிச்சலோடு வெளியே வந்தார். வாசலில் எமிலின் மனைவி கிரேட்டா. இரவெல்லாம் அழுது முகம் வீங்கியிருந்தது.

"ஐயா... அவரைத் தூக்குல போட்டுருவாங்களா?"

"அவன் சொல்ற கதையைக் கேட்டா ஜட்ஜ் சிரிச்சுக்கிட்டே போட்டுருவார்மா. மெஷின்ல இல்லாத சீட்டு வந்துச்சாம்!"

"பொய் சொல்றதா இருந்தா இதைவிட நல்ல பொய்யா சொல்லியிருக்க மாட்டாராய்யா? ரெண்டு ஜோடி விழுந்துச்சுன்னு சொன்னா யாரு கேக்கப் போறாங்க?"

ஹாலரன் நின்றுவிட்டார்.

அதானே! அந்தச் சீட்டு இல்லை என்பது ஊரில் யாருக்குத் தெரியாவிட்டாலும், ஒட்டியவனுக்குத் தெரியுமே! அவன் போய் ஏன் அதையே சொல்ல வேண்டும்?

"உன் புருஷனோட முதலாளி கடைசி நாள்ல எப்படிம்மா இருந்தார்?"

"ஒரு வாரமா சாப்பாடே இறங்கல ஐயா. துறைமுகக் கூலி ஒருத்தன், வாரச் சம்பளம் பூரா அந்த மெஷின்ல விட்டுட்டுக் கடல்ல விழுந்து செத்தான். 'நான் செஞ்ச பாவம் கிரேட்டா'ன்னு புலம்பிக்கிட்டே இருந்தார்."

"வா என்கூட!"

காலை பத்து மணி. ப்ரோகன் காலிக் கடையில் கிளாஸ் துடைத்துக்கொண்டிருந்தான்.

"மெஷினைத் திறக்கணும்," என்றார் ஹாலரன்.

ப்ரோகன் வாய்விட்டுச் சிரித்தான்.

"தாராளமா! இந்தாங்க சாவி. வெளிய சொல்லாதீங்க இன்ஸ்பெக்டர், அந்தப் பத்தை எடுக்கச் சொன்னதே நான்தான். அது விழுந்துச்சுன்னு ஒருத்தன் சத்தியம் பண்றான்னா அவனுக்குத் தூக்குதான்."

கிரேட்டாவின் முகம் வெளுத்தது.

"நேத்து மூணு மணிக்கு நீ இங்கயா இருந்த?"

"இதே இடத்துல. மெஷினுக்கும் எனக்கும் நாலடி. யாராவது இழுத்தா எனக்குக் கேக்காதா?"

"வோக்லர் கடைசியா எப்ப வந்தார்?"

"நேத்து காலைல. எண்ணெய் போட."

ஹாலரன் கதவைத் திறந்தார். உருளைகளை ஒவ்வொன்றாக விரலால் சுற்றினார்.

முதல் உருளை... இரண்டாவது...

மூன்றாவதில் விரல் நின்றது.

கறுப்பு இஸ்பேடு. எண்ணினார். பத்து!

புத்தம் புதுச் சீட்டு. ஓரத்தில் பசை இன்னும் பிசுபிசுத்தது. அடியில் பழைய டைமன் ரெண்டின் சிவப்பு மூலை எட்டிப் பார்த்தது.

கிளாஸ் கீழே விழுந்து நொறுங்கியது.

"இது... இது எப்படி..."

"கிழவர் எண்ணெய் மட்டும் போடல. பாவத்தையும் கழுவிட்டுப் போயிருக்கார்," என்றார் ஹாலரன் மெதுவாக. "எமில் சொன்னது நிஜம். நாலடி தள்ளி நின்னிருந்தா அஞ்சு சீட்டையும் நீ பார்த்திருப்ப. அவன் கத்தினதையும் கேட்டிருப்ப. மூணு மணிக்கு நீ எங்க இருந்த ப்ரோகன்?"

ப்ரோகன் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்தான்.

"பீர் வண்டிக்காரன் சொன்னான்... கிழவன் எல்லா மெஷின்லயும் பத்தைத் திருப்பி ஒட்டப் போறான்னு. தடுக்கத்தான் ஓடினேன்! பேசித் தீர்க்கத்தான்... 'உன் மெஷின்ல ஏற்கெனவே'ன்னு ஆரம்பிச்சான். நான் முடிக்க விடல..."

"விட்டிருந்தா நேத்து வேற பொய் சொல்லியிருப்ப!"

கிரேட்டா சுவரில் சாய்ந்து விம்மினாள். எமில் வீட்டுக்கு வந்துவிடுவான். துறைமுகக் கூலியும் கிழவரும் வரப்போவதில்லை.

சட்டென்று நிமிர்ந்தாள். மெஷினைக் கோபமாகக் காட்டினாள்.

"இந்தத் திருடனையும் பிடிச்சுட்டுப் போங்க ஐயா! எத்தனை குடும்பத்தைக் கெடுத்திருக்கு!"

ஹாலரன் பையிலிருந்து விலங்கை எடுத்தார்.

"என்னம்மா பண்றது? இவனுக்கு ஒரு கைதான். விலங்கு மாட்ட முடியாதே!"

ப்ரோகன் பக்கம் திரும்பினார்.

"உனக்குத்தான் ரெண்டு இருக்கே... நீட்டு!"