மூன்று தட்டு, அப்புறம் ஒன்று

முதல் ‘ம்’ உள்ளறைத் தகரப் பீரோ பக்கத்திலிருந்து வந்தது. செம்மலரோ ஜன்னலடியில் வாயை மூடி உட்கார்ந்திருந்தாள். அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது. ஹாஸ்டல் மெஸ்ஸில் காலையிலிருந்து முந்நூறு பேர் சாப்பிட்ட தட்டுகளைக் கழுவிவிட்டு வந்த முத்துமீனாவுக்கு அதற்குமேல் யோசிக்கத் தெம்பில்லை. மகள்தான் முனகியிருப்பாள் என்று கடலைமிட்டாயைப் பீரோ ஓரத்தில் வைத்துவிட்டு ஓடினாள். திரும்பி வந்தபோது மிட்டாய் இல்லை. செம்மலர் இடத்தை விட்டு அசைந்ததாகவும் தெரியவில்லை.

ஏழு வயதாகியும் செம்மலருக்குப் பேச்சு வரவில்லை. எது வேண்டுமென்றாலும் உள்ளறைக் கதவில் தட்டுவாள். மூன்று தட்டு, கொஞ்சம் நிறுத்தி இன்னொன்று. முத்துமீனாவுக்கு வேறு ஆசையே கிடையாது. அந்த வாய் ஒரே ஒரு தடவை அம்மா என்று கூப்பிட்டால் போதும்.

“தட்டுனா போகாதீங்கக்கா,” என்று சொல்லியிருந்தாள் வாரம் ஒருநாள் வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுக்கும் ஹம்சவேணி டீச்சர். “வாயில சத்தம் வந்தா மட்டும் உடனே மிட்டாய். இப்ப ‘ம்’முக்குக் குடுங்க. அது பழகுனதும் ‘ம்மா’ன்னாத்தான். அப்பறம் ‘அம்மா’ன்னாத்தான்.”

“அழுதுக்கிட்டே தட்டுனா, டீச்சர்?”

“தட்டுறது நிக்கிறதுக்கு முன்னாடி ஒருநா பேயாட்டம் கூடும். அன்னைக்கு மனசு எளகி எந்திரிச்சுப் போயிட்டீங்கன்னா, அம்புட்டும் போச்சு.”

முத்துமீனா கல்லாக இருந்தாள். தினமும் பயிற்சி நேரத்தில் செம்மலரை உள்ளறையில் விட்டுக் கதவைச் சாத்தினாள். உள்ளே ‘ம்’ கேட்டால் கதவு இடுக்கில் மிட்டாயை நீட்டினாள். சில்லென்று ஒரு சின்னக் கை வாங்கிக்கொள்ளும், பிறகு அவள் விரலில் ராத்திரிவரை பழந்துணியும் பாச்சை உருண்டையும் கலந்த பீரோ வாசம் நிற்கும். பத்தாம் நாள் ‘ம்மா’ வந்தது. பிள்ளை தேறிவிட்டாள் என்று அழுதாள். ஆனால் செம்மலர் மெலிந்துகொண்டே வந்தாள். உள்ளறைக்குள் போகச் சொன்னால் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அடம் என்றுதான் முத்துமீனா நினைத்தாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் அது கூடியது.

மூன்று தட்டு. ஒன்று. மூன்று. ஒன்று. பிறகு கணக்கில்லாமல், இரண்டு கையாலும், வீடே அதிரும்படி. சத்தம் மரத்தில் இல்லை, தகரத்தில். முத்துமீனா வாசற்படியில் உட்கார்ந்து முந்தானையைக் காதில் அடைத்துக்கொண்டாள். எழுந்தால் அம்புட்டும் போச்சு. அவள் எழவில்லை.

“அம்மா.”

துல்லியமாக. தெளிவாக.

மிட்டாய் டப்பாவோடு ஓடிப்போய்க் கதவைத் திறந்து நிலையடியில் உட்கார்ந்தாள். இருட்டிலிருந்து பிள்ளை வந்து அவள் மடியில் உட்கார்ந்தது. “என் தங்கமே, இன்னொருக்கா சொல்லு,” என்றாள். சொன்னது. மிட்டாய்க்குக் கையை விரித்தது.

வெளுத்த உள்ளங்கை.

நேற்றுத்தான் செம்மலருக்கு இரண்டு கையிலும் மருதாணி வைத்திருந்தாள். காலையில் பார்த்தபோது ரத்தமாய்ச் சிவந்திருந்தது.

பூட்டிய பீரோவுக்குள் தட்டு கேட்டது. மூன்று. கொஞ்சம் நிறுத்தி, ஒன்று.

எழப் பார்த்தாள். மடி கனத்தது. சில்லென்ற விரல்கள் அவள் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பின.

“அம்மா.”

அவள் கை டப்பாவுக்குள் போனது. அவள் போகச் சொல்லவில்லை. இத்தனை நாளும் அந்தச் சத்தத்துக்குப் போய்ப் போய்ப் பழகிய கை.

தட்டு. இரண்டு.

“அம்மா.”

தட்டு. ஒன்று.

பீரோக் கதவின் நெளிந்த இடுக்கில் சிவந்த விரல்நுனிகள் நான்கு தெரிந்தன. கொஞ்ச நேரம் அப்படியே இருந்தன. பிறகு ஒவ்வொன்றாக உள்ளே போயின.

முத்துமீனாவின் கை மிட்டாயை உடைத்தது. மடியில் இருந்த வாய் திறந்து காத்திருந்தது.