தட்டுக்கு வெளியே ஒரு கோப்பை

ஸுயெட் நனைந்த குடையை மடக்கக்கூட இல்லை.

"எம் புருஷனத் தூக்குல போடப்போறாங்க, மாக் ஐயா. பெரியவர் யிப்போட கழுத்த நெரிச்சிருந்தது இவரோட துண்டாம். மத்தியானம் பெரியவருக்குச் சவரம் பண்ணிட்டு மறந்து வெச்சிட்டு வந்தாரு. அவ்வளவுதான்."

மாக் அவளுக்கு ஒரு நாற்காலியை நகர்த்திப் போட்டார். இருபது வருடம் காவல்துறையில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். பிடிபட்டவர்களின் பேச்சையே பேசிப் பேசி, சொந்தப் பேச்சு குறைந்துபோயிருந்தது. அவருக்கும் சேர்த்துப் பேச நண்பர் போ இருந்தார்.

"நாவிதன் ஃபோங்கா? அவன் என் மோவாயக் கீறுவான். கொலையெல்லாம் அவனுக்கு வராது. எந்திரிங்கண்ணே, போவோம்."

ஷியுங் வான் சந்து ஒன்றில், நான்காவது மாடியில் யிப்பின் அறை. ஒரு கட்டில், ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஒரு ஜன்னல். உடலை எடுத்துப்போயிருந்தார்கள். மேசையை யாரும் தொடவில்லை. தேநீர்த் தட்டில் கெட்டிலும் இரண்டு கோப்பைகளும் இருந்தன. ஒன்று குடிக்கப்படாமல் நிறைந்திருந்தது. மற்றதில் பாதி குறைந்திருந்தது. தட்டுக்கு வெளியே, மேசைப் பலகையில் கோப்பையின் அடி பதிந்த வட்டக் கறை. அங்கிருந்து தட்டு வரை நான்கு சொட்டுகள் சிந்திக் காய்ந்திருந்தன.

மூன்றாவது கோப்பை ஒன்று ஜன்னல் விளிம்பில் காலியாக இருந்தது.

"அது எங்க வீட்டுக்காரர் குடிச்சது," என்றாள் ஸுயெட். "பெரியவர் தினமும் ஒரு கோப்பை நெறைய ஊத்தித் தட்டுக்கு வெளிய வெச்சிருப்பாராம். இவரு எடுத்துக் குடிச்சிட்டு ஜன்னல்ல வெச்சிடுவாரு."

"வேற யார் வருவா?" என்று கேட்டார் போ.

"கீழ கருவாட்டுக் கடை லோக் வாசலோட பேசிட்டுப் போயிடுவாரு. எதிர் ரூம்ல குவாய்னு ஒருத்தர், கடுதாசி எழுதிக் குடுக்கறவர். போன மாசந்தான் ஷாங்காய்லேர்ந்து வந்தாராம்."

மாக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். மழை ஒருமுறை நின்று மறுபடி தொடங்கியது. பிறகு தன் வீட்டுத் தேநீர்ச் சாமானை எடுத்துவரச் சொல்லி போவை அனுப்பினார். அது வந்ததும், இரண்டு கோப்பைகளை நிரப்பித் தட்டுக்கு வெளியே வைத்தார். லோக்கும் குவாயும் அழைக்கப்பட்டார்கள்.

"மாடியாய்யா இது, மலை!" என்று வந்த லோக், ஒரே மடக்கில் குடித்துவிட்டுக் கோப்பையை நீட்டினார். "இன்னொண்ணு ஊத்துங்க."

குவாய் கோப்பையைத் தொடவில்லை. கைகள் சட்டைக் கைக்குள் ஒளிந்திருந்தன. "நான் டீ குடிக்கறதில்ல."

போ சிரித்துவிட்டார். "காலையில டீக்கடையில மூணு கெட்டில் காலி பண்ணது உங்க தம்பியா?"

மாக் மேசையைக் காட்டினார். "இந்தச் சொட்டுகளப் பாருங்க. நெறஞ்ச கோப்பைதான் சிந்தும். அப்ப ஃபோங் போனப்புறம் வந்தவர், குடிக்கறதுக்கு முன்னாலயே கோப்பையத் தட்டுக்குள்ள வெச்சிருக்கார். வெளியாளுக்கு அது வெறும் டீ. யிப் இருந்த ஹுங் ரகசியச் சங்கத்துல சத்தியம் பண்ணினவனுக்கு அது ஒரு கேள்வி, 'நீ நம்மாளா?'ன்னு. உள்ள வெச்சுக் குடிச்சா, ஆமான்னு பதில். அன்னிக்கு உங்க கை யோசிக்காமப் பதில் சொல்லிடுச்சு, குவாய். இன்னிக்கு யோசிச்சீங்க. லோக்குக்கு யோசிக்க ஒண்ணுமில்ல."

குவாய் கைகளை வெளியே எடுத்து மேசைமேல் வைத்தார்.

"பதினோரு வருஷமா ஒருத்தரும் பதில் சொல்லலன்னு அழுதாரு," என்றார் குவாய். "என் கையப் புடிச்சிக்கிட்டு, எந்த ஊர்ச் சங்கம்னு கேட்டாரு. வாய் தவறி ஃபோஷான்னு சொல்லிட்டேன். அப்பதான் என் மொகத்த உத்துப் பாத்து அடையாளம் தெரிஞ்சுக்கிட்டாரு."

"ஃபோஷான்ல பதினேழு பேரக் காட்டிக்கொடுத்தவன் ஒருத்தன் இருந்தான்," என்றார் மாக். "அந்த வாக்குமூலம் என் மேசைக்கும் வந்தது."

"நாந்தான். சகோதரனக் காட்டிக்கொடுத்தா அஞ்சு இடி விழுந்து சாவேன்னு சத்தியம் பண்ண அதே வாயால சொன்னேன். பெரியவரோட தம்பியும் அந்தப் பதினேழு பேர்ல ஒருத்தன். விஷயம் வெளிய போனா சங்கம் என்னை விடாது. துண்டு நாற்காலியிலயே கெடந்துது."

மூன்றாம் நாள் ஃபோங் விடுதலையாகி, மாக்குக்கு நன்றி சொல்ல வந்தார். வெகுநேரம் தொப்பியைக் கையில் சுற்றிக்கொண்டே நின்றார்.

"அது சங்கத்து ஆளுங்களுக்கு வெச்சதாமே, ஐயா? இத்தனை வருஷமா எனக்குன்னு ஊத்தி வெச்சார்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்."

மாக் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உனக்குந்தான் வெச்சார்," என்றார் கடைசியில்.