திறக்காத பெயர்

"உண்ணாமலைனு கூப்பிட்டா எத்தனை பேருடி திரும்புவீங்க?" என்று எட்டாம் வகுப்பில் டீச்சர் ஒருமுறை கேட்டார். இவளையும் சேர்த்து மூன்று பேர் திரும்பியிருந்தார்கள். வகுப்பே சிரித்தது. அதிலிருந்து யார் கூப்பிட்டாலும் உடனே திரும்பாமல் பழகியவள், மறு ஆண்டு பள்ளிக்கூடம் போவதையே நிறுத்திவிட்டாள்.

இப்போது செங்கம் ரோட்டில் ரேவதியக்காவின் டிடிபி கடையில், ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடிக்கிறாள். போஸ்டர்களுக்கென்று வேர்டில் ஒரு லிஸ்ட் உண்டு. பெயரைக் கிளிக் செய்தால் இறந்தவரின் போட்டோ திறக்கும். அன்று மதியம் கடைசிப் பெயர் மட்டும் திறக்கவில்லை.

காரணம் அவளுக்குத் தெரியும். அடி அண்ணாமலையிலிருந்து போஸ்டருக்காக வந்த மூர்த்தியின் இறந்துபோன தங்கைக்கும் உண்ணாமலை என்றுதான் பெயர். தோற்றம் 1984. அதுவும் இவளைப் போலவே. அக்கா போட்டோவை ஸ்கேன் செய்து அந்தப் பெயரிலேயே சேமித்திருந்தாள். செத்தவர்கள் வரிசையில் தன் பெயரைப் பார்க்கச் சகிக்காமல், இவள் ரகசியமாக அதை 'போட்டோ1' என்று மாற்றிவிட்டாள்.

"லிங்க்குக்கு ஃபைல் பேரு மட்டுந்தான் தெரியும்டி. பேரச் சொல்லித் தேடும். பேரு மாறிட்டா முழிக்கும், உன்ன மாதிரி," என்று சொல்லிவிட்டு அக்கா சாப்பிடப் போனாள்.

"நாலு மணிக்கு எடுக்கறோம்மா," என்றார் பெஞ்சில் இருந்த மூர்த்தி.

பழைய பெயரையே வைத்துவிடலாம் என்று ஃபோல்டரைத் திறந்தாள். 'போட்டோ1' அங்கே இல்லை. வெளியே பக்கத்து ஆசிரமத்து மயில்கள் அகவிக்கொண்டிருந்தன. சூடான டோனர் வாசனையோடு எங்கிருந்தோ சாமந்திப்பூ வாடும் வாசனையும் மெல்லக் கலந்து அவள் கழுத்தருகே வந்து நின்றது. லிஸ்டில் அந்தப் பெயர் மீது மவுஸை வைத்தாள். லிங்க் எங்கே தேடுகிறது என்று சின்ன மஞ்சள் பெட்டி காட்டியது.

டி டிரைவ், அஞ்சலி, உண்ணாமலை.

கிளிக் செய்தாள். திறக்கவில்லை. மறுபடி மவுஸை வைத்தாள்.

செங்கம் ரோடு, டிடிபி கடை, உண்ணாமலை.

இதை யாரும் டைப் செய்யவில்லை. விரல் தானாக அழுத்தியது.

ஜன்னலோர நாற்காலி, உண்ணாமலை.

மயில்கள் ஓய்ந்தன. ஃபேன் சத்தமும் இல்லை.

படம் திறந்தது. கம்ப்யூட்டர் முன்னால் ஒரு பெண். முதுகு மட்டும். பச்சைச் சுடிதார். அவளுடையது.

"உண்ணாமலை."

பின்னாலிருந்து ஒரு பெண் குரல். பக்கத்தில். மிகப் பக்கத்தில்.

திரும்பக் கூடாது.

திரும்பினாள்.

மூர்த்தியைத் தவிர யாரும் இல்லை. மீண்டும் திரையைப் பார்த்தாள். படத்திலிருந்தவளும் திரும்பியிருந்தாள். இவளுடைய முகமேதான். நெற்றியில் ஒற்றை ரூபாய்க் காசு.

பிரிண்டர் தானாக ஓடியது.

மூர்த்தி எழுந்து வந்து தாளை எடுத்தார். அதிலிருந்த முகத்தை வெகுநேரம் பார்த்தார். தங்கையைத் தடவுவதுபோல் கட்டைவிரலால் அதன் கன்னத்தைத் தடவினார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அண்ணே, அது நானு," என்றாள் அவள். சத்தம் வரவில்லை.

அவர் நாற்காலிப் பக்கம் பார்க்கவே இல்லை. தாளைச் சுருட்டிக்கொண்டு படியிறங்கிப் போனார்.